ஒண்ணும் பண்ணாது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை இரண்டு நாள் ஊறப்போட்டுவிட்டு பாபட்லா பக்கம் போய்க் கரையேறியது. வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடி ஓய்ந்த சில நாட்களில், பெசன்ட் நகர் கடற்கரையில் நீல நிறத்தில் ஏதோ சிலது ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. கட்டைவிரல் நீளம்கூடத் தேறாத உயிர்கள். வெள்ளி மினுங்கும் உடம்பு, இரு பக்கமும் விரல் விரலாகப் பிரிந்த சிறகு, அடர்நீலம். ரங்கநாதன் தெருவில் சாவிக்கொத்தோடு தொங்கவிட்டு விற்கும் பிளாஸ்டிக் பொம்மை போல இருந்தது. படத்தைப் பார்த்ததும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளத்தான் யாருக்கும் தோன்றும். கூடாது. அதன் பெயர் நீல டிராகன். கிளாக்கஸ் என்பது விஞ்ஞானிகள் வைத்தது.

ஓடில்லாத நத்தை வகை அது. காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாந்தபடியே மிதக்கும். நாம் அழகு என்று பார்க்கிற நீலம் அதன் வயிற்றுப் பக்கம். மேலே பறக்கும் பறவைக்கு அது கடலோடு கடலாகத் தெரியும். வெள்ளி முதுகு கீழே இருக்கும். ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு அது வெளிச்சத்தோடு வெளிச்சம். அதன் சாப்பாடு, போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று பெயர் வாங்கிய இன்னொரு மிதக்கும் பிராணி. அந்தப் போர்க்கப்பலின் இழைகள் பத்து மீட்டர்வரை சாதாரணமாக நீளும், இழை முழுக்கக் கொட்டும் செல்கள். டிராகன் அந்த இழையைத் தின்னும்போது கொட்டும் செல்களை மட்டும் வெடிக்காமல் விழுங்கி, தன் விரல் நுனிகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கும். ஓரிடத்தில் குவித்து வைப்பதால் சில சமயம் அசல் போர்க்கப்பலைவிட இதன் கொட்டு கடுமை. சொந்தமாக ஒரு சொட்டு விஷம் தயாரிக்கத் தெரியாது, அடுத்தவன் ஆயுதத்தை வைத்தே காலம் தள்ளுகிறது. இந்தச் சாமர்த்தியத்தை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

கடலிலிருந்து வந்து கொழகொழவென்று மணலில் கிடக்கும் எதற்கும் குப்பத்தில் ஒரே பெயர், சொறி. ஜெல்லி மீன், போர்க்கப்பல், நீலப் பொத்தான் என்ற பாகுபாடெல்லாம் நமக்குத்தான். “சொறி ஒதுங்கியிருக்கு, பாத்து நடம்மா” என்று ஊரூர் ஆல்காட் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் சொன்னார். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது செய்தியில்லை. போர்க்கப்பல் செத்து, வெயிலில் காய்ந்து, அதன் காற்றுப்பை சுருங்கிக் கிடந்தாலும் இழையில் இருக்கும் செல்கள் உடனே சாவதில்லை. மிதித்தால் வேலை செய்யும். பட்டுவிட்டால் கடல் தண்ணீரிலேயே அலச வேண்டும், ஒட்டிய இழையை வெறுங்கையால் தொடாமல் எடுக்க வேண்டும், பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீர். நம் ஆட்கள் செய்வது இதற்கு நேர் எதிர். முதலில் குடிதண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள், அடுத்து மணலை அள்ளித் தேய்ப்பார்கள். இரண்டுமே மிச்சமிருக்கும் செல்களை வெடிக்க வைக்கிற வேலை.

சொறிக்குக் கல்பாக்கமே பயப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. அணுமின் நிலையம் கடலுக்கடியில் சுரங்கம் போட்டுக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கிறது. பருவத்தில் கூட்டம் கூட்டமாக வரும் சொறி அந்தத் தண்ணீரோடு உள்ளே வந்து சல்லடைகளை அடைத்துக்கொள்ளும். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தனியாக ஆராய்ச்சியே நடத்தியிருக்கிறார்கள். அணுவைப் பிளக்கிற இடத்தில், மூளையும் எலும்பும் இல்லாத ஒன்றுக்காக ஆட்கள் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

தொட்டால் வெடிக்கும் சமாசாரம் எனக்குக் கடலுக்கு முன்னாலேயே கொல்லைப்புறத்தில் அறிமுகமாகிவிட்டது. தாத்தா வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில். கிணறு, துவைக்கிற கல், அதற்கு நிழலாக ஒரு முருங்கை. ஐப்பசி மழை தொடங்கியதும் மரத்தின் அடித்தண்டில் கம்பளிப்பூச்சி அடையும். ராத்திரியெல்லாம் இலையைத் தின்றுவிட்டு, பகலில் இறங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு கிடக்கும். தண்டுக்குத் திடீரென்று ரோமம் முளைத்துவிட்ட மாதிரி தெரியும். அருகே போனால் அந்த ரோமம் மெல்ல அசையும். வெல்வெட்டுத் துணி வாங்கிக் கொடுக்காத வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அதைத் தடவிப் பார்க்கும் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

தடவக்கூட வேண்டியதில்லை. கொடியில் காய்ந்த பாவாடையில் நாலு ரோமம் உதிர்ந்திருந்தால் போதும், தொடை முழுக்கத் தடிப்பு. பாட்டி “சிவசிவா” என்றபடி திருநீற்றைக் குழைத்துத் தேய்த்துவிடுவாள். இப்போது தோல் மருத்துவர்கள் தேய்க்கவே கூடாது, ஒட்டும் டேப்பை ஒத்தி ஒத்தி ரோமத்தை எடு என்கிறார்கள். பாட்டி அன்புடன் தேய்த்த தேய்ப்பில் எத்தனை ரோமம் உள்ளே போனதோ. தாத்தா வேறு வழி வைத்திருந்தார். மூங்கில் கழியில் கந்தலைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, தண்டை ஒட்டிக் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு. பொசுங்கும் நாற்றம் சாயங்காலம்வரை இருக்கும். மறுநாள் முருங்கைக்கீரை அடை.

நம் கம்பளிப்பூச்சி அரிப்போடு விட்டுவிடுகிறது. பிரேசிலின் தெற்கில் லோனோமியா என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இப்படித்தான் மரத்தண்டில் கும்பலாக அடையும். பாசி படிந்த பட்டையோடு நிறம் ஒன்றிப்போய்விடுவதால், கும்பல் மேலேயே கையை ஊன்றிவிடுகிறார்கள். அதன் விஷம் ரத்தம் உறைவதைக் குலைத்துவிடும். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சாவோ பாவ்லோவின் புட்டான்டன் நிறுவனம், பாம்புக் கடிக்கு மருந்து செய்கிற இடம், இந்தப் புழுவுக்கும் தனியாக மாற்று மருந்து தயாரிக்கிறது. புழுவுக்கு விஷமுறிவு மருந்து என்றால் தாத்தா சிரித்திருப்பார். பெரியப்பா நம்பியே இருக்க மாட்டார்.

பெரியப்பா தி. நகரில் இருந்தார். ஏஜீஸ் ஆபீஸ் உத்தியோகம், எல்லாவற்றையும் தலைப்பு போட்டுப் பிரித்து வைக்கிற பழக்கம். உலகத்துப் பிராணிகள் அவருக்கு இரண்டே கணக்கு. ஒன்று பொல்லாதது, புலி, சிங்கம், முதலை, பாம்பு. மற்றது ‘ஒண்ணும் பண்ணாது’. மான், குரங்கு, யானை, ஆமை, மீன் எல்லாம் இதில். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்ற பழமொழியை யாராவது எடுத்தால், “மிரட்டினாத்தானே? நாம ஏன் மிரட்டறோம்?” என்பார். பழமொழியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. சாதுவாக இருந்தது ஏதோ ஒரு நாள் மிரண்டு மாறிவிட்டது என்று அது சொல்கிறது. கம்பளிப்பூச்சி மிரளவே இல்லை. மிரள்வதற்குச் சொறிக்கு மனசென்று ஒன்றில்லை. அவை எப்போதும் ஆயுதத்தோடுதான் இருக்கின்றன. சாது என்பது நாம் ஒட்டிய சீட்டு.

கிண்டி பாம்புப் பண்ணைக்கு எங்களை முதலில் கூட்டிப்போனது பெரியப்பாதான். ரோமுலஸ் விட்டேகர் அதை முதலில் தாம்பரம் பக்கம் சேலையூரில் சிறிதாகத் தொடங்கி, 1972-இல் கிண்டிக்குக் கொண்டுவந்தார். நாங்கள் போனபோது ஊரே அங்கே போய்க்கொண்டிருந்தது. தாழ்ந்த குழியைச் சுற்றிச் சுவர். குழிக்குள் ஒருவர் இறங்கிக் கம்பியால் பாம்பைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். நல்ல பாம்பு படம் எடுத்துச் சீறியதும் கூட்டம் ஓவென்று பின்வாங்கியது. பெரியப்பா எங்கள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அடுத்த கூண்டில் கட்டுவிரியன். பளபளவென்ற கருப்பில் மெல்லிய வெள்ளைக் கட்டு, தலையை உடம்புச் சுருளுக்குள் செருகிக்கொண்டு படுத்திருந்தது. கண்ணாடியைத் தட்டினாலும் அசையவில்லை. “பாவம், தூங்கறது” என்றார் பெரியப்பா. பாம்பு ஜாதியிலிருந்து அதை மட்டும் ‘ஒண்ணும் பண்ணாது’ கணக்குக்கு மாற்றிவிட்டார்.

பகலில் கட்டுவிரியன் அப்படித்தான். சீறாது, படம் இல்லை, சீண்டினால் தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இருட்டியதும் அது வேறு பாம்பு. எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரின் கை அதன்மேல் விழும். கடி வலிப்பதே அரிது. பல் பட்ட இடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அதற்குள் இமை சொருக ஆரம்பித்திருக்கும், பிறகு பேச்சு குழறும், மூச்சுக்கான தசைகள் ஒவ்வொன்றாக நிற்கும். எட்டடி விரியன் என்று கிராமத்தில் ஒரு பெயர் உண்டு, கடித்தால் எட்டு அடி நடப்பதற்குள் சாவு என்று. உண்மை இன்னும் மோசம். கடிபட்டவர் பல மணி நேரம் தூங்கிக்கொண்டே இருப்பார். கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுத்தால் இந்தக் கடியில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், வருடத்துக்கு ஏறத்தாழ 58,000. பெரும்பாலும் கிராமத்து மனிதர்கள், பாதிக்கு மேல் மழைக்காலத்தில்.

கட்டுவிரியனைப் பார்த்துப் பாவம் என்று சொல்கிற நாம், அதைப் போலவே கட்டுப்போட்ட, விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையனை அடித்துக் கொல்கிறோம். சாரையை அடிக்கிறோம். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்று அடிக்கிறோம். அதே பச்சைப் பாம்பைப் பற்றி என் அத்தை வேறு ஒன்று வைத்திருந்தார், அதைத் தலையிலிருந்து வால்வரை உருவிவிட்டால் சமையலில் கைமணம் வரும் என்று. பண்ணையில் இருந்தவரிடம் கூச்சப்படாமல் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து நீட்ட, அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு உருவினார். அத்தையின் வத்தக்குழம்பு அதற்கு முன்பும் நன்றாகத்தான் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இருளர்களுக்கு இந்தப் பயமும் இல்லை, இந்தக் கொஞ்சலும் இல்லை. ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபின் பிழைப்பு போயிற்று. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விஷம் எடுக்கத் தொடங்கினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையோடு சேர்ந்தாற்போல இருக்கிறது அந்த இடம். மண்பானைகளில் பாம்பு, பானையின் வாயைத் துணியால் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். எடுப்பவர் பானைத் துணியை அவிழ்க்கும் முன் ஒரு நொடி காது கொடுப்பது போல நின்றார். பிறகு கம்பி, தலைக்குப் பின்னால் இரண்டு விரல், கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு. பல் சவ்வைத் துளைத்ததும் உள்சுவரில் மஞ்சளாக இரண்டு சொட்டு வழிந்தது. சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி விட்டுவிடுகிறார்கள், அதையே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க. அந்த விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் ஆஸ்பத்திரிகளில் போடும் மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே ஊசி. இருளர்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரைக்கும் மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

யானை சாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததில் சாண்டோ சின்னப்பா தேவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1972-இல் வந்த ‘நல்ல நேரம்’ பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் யாரும் யானையைக் கண்டு ஒதுங்கியிருக்க மாட்டார்கள். தேவர் படத்தில் ஆடு, மாடு, பாம்பு, யானை எல்லாமே குடும்பக் கதையில் ஒரு உறுப்பினர், வில்லன் மட்டும் மனிதன். அந்தப் பாடத்தோடுதான் இன்றும் வால்பாறைச் சாலையில் கார்களை நிறுத்திக் கைபேசியைத் தூக்குகிறார்கள். 2025 பிப்ரவரியில் அங்கே ஒரு ஜெர்மானியர், மற்ற வண்டிகள் நின்றுகொண்டிருக்க, சாலையோர யானையைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போகப் பார்த்து இறந்தார். கோடைக்கானலில் காட்டெருமை பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்து போகும்; ஏறத்தாழ ஒரு டன் எடை, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை, முகத்தில் பரம சாந்தம். தேவர் பார்த்திருந்தால் அதையும் படத்தில் சேர்த்திருப்பார்.

கரடியை நாங்கள் தெருவிலேயே பார்த்தோம். மயிலாப்பூர் சந்துகளில் மூக்கில் கயிறு போட்ட கரடியைக் கூட்டி வருவார்கள். அது இரண்டு காலில் நின்று ஆடும், பயந்த குழந்தையை அதன் முதுகில் உட்காரவைத்து இறக்குவார்கள், முடி ஒன்றைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்துக் கொடுப்பார்கள். பல்லைப் பிடுங்கி, மூக்கைச் சுட்டு ஓட்டை போட்ட பிராணி அது என்று அப்போது யார் சொன்னார்கள்? இந்தியாவின் கடைசி ஆடும் கரடி 2009-இல்தான் மீட்கப்பட்டது. காட்டில் இருக்கிற அதே கரடி, கரையானும் பழமும் தேனும் தின்கிற, சோம்பேறித்தனமாக ஆடி ஆடி நடக்கிற அது, இந்தியக் காடுகளில் மனிதர்களை அதிகம் தாக்கும் விலங்குகளில் ஒன்று. கண்ணும் காதும் மந்தம். நாம் வருவது கடைசி நிமிடம்வரை அதற்குத் தெரியாது, தெரிந்ததும் ஓடாது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த பிராணி, மரமேறித் தப்பிக்கிற பழக்கமும் அதற்கு இல்லை. நின்று பாய்வதே அதற்குத் தெரிந்த வழி. புற்றைத் தோண்டுவதற்காக வளர்ந்த நகம் முகத்தில்தான் இறங்கும். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் ஒரே கரடி மூன்று பேரை அப்படித்தான் கிழித்தது.

எனக்குக் கடலே மறுபடி மறுபடி வருகிறது, என்ன செய்ய. பெசன்ட் நகருக்குக் குடிவந்த புதிதில் ஆமை நடைக்குப் போவேன். அதை நடத்துவது மாணவர்கள் 1988-இல் தொடங்கிய அமைப்பு. தை, மாசி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து எலியட்ஸ் கடற்கரைவரை கரையோரமாக நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட இடங்களைத் தேடி, நாய்க்கும் காலடிக்கும் தப்பும்படி முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். ஓர் இரவு அலை நுரையில் ஒரு பட்டை போலக் கிடந்தது கடல் பாம்பு. டார்ச் வெளிச்சத்தில் சாம்பல் உடம்பு, துடுப்பாகத் தட்டையான வால். மணலில் அதனால் நகரவே முடியவில்லை; வயிற்றுச் செதில் சிறுத்துப்போன பிராணி, நிலத்தில் புரளத்தான் முடியும். கூட வந்த கல்லூரிப் பையன் ஒருவன் கடலில் விட்டுவிடலாம் என்று குனிந்தான். வழிகாட்டிய பெண் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. எல்லோர் முன்னாலும். பையனுக்குக் கோபம்.

காலரைப் பிடித்தது சரிதான். வலக்கடியன் என்கிற கடல் பாம்பு வகை நம் கரையோரச் சேற்றுத் தண்ணீரில் நிறைய உண்டு. உலகத்தில் கடல் பாம்புக் கடியால் நேர்ந்த சாவுகளில் பெரும்பகுதி அதன் கணக்கில்தான் போகிறது. கடி வலிக்காது, பல் அவ்வளவு சிறியது. தசையைத் தின்னும் விஷம். நான்கு பாம்புக்கும் ஒரே ஊசி என்றேனே, அதில் இது சேர்த்தியில்லை. மீனவர்கள் வலையில் வரும் கடல் பாம்பை வாலைப் பிடித்து வீசிவிடுகிறார்கள், பேச்சை நிறுத்தாமல். ஆயிரம் முறை வீசிய கை.

அந்தக் கைப்பழக்கத்தை நொச்சிக்குப்பம் மீன் சந்தையில் நிதானமாக நின்று பார்க்கலாம். திருக்கையை அறுக்கக் கொண்டுவரும்போதே அதன் வாலில் முள் இருக்காது; படகிலேயே ஒடித்துப் போட்டிருப்பார்கள். அரம் போன்ற விளிம்பும் விஷ உறையும் உள்ள முள் அது. முதலையோடும் பாம்போடும் விளையாடி உலகத்துக்கே வேடிக்கை காட்டிய ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கடலில் இறந்தது அப்படிப்பட்ட முள் நெஞ்சில் குத்தித்தான். கெளுத்தியைக் கூடையிலிருந்து எடுக்கும் அம்மா மூன்று முள்ளையும் விரலிடுக்கில் விட்டுப் பிடிக்கிறார். குத்திவிட்டால் சூடுதான் மருந்து, விஷம் புரதம் என்பதால் சூட்டில் அது செயலிழந்துபோகும் என்பதை இப்போது மருத்துவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். பேத்தை மீனை யாரும் தட்டில் வைப்பதில்லை. கரையில் வீசியதை எடுத்துப் பையன்கள் ஊதவைத்து உதைத்து விளையாடுவார்கள். ஜப்பானில் உரிமம் வாங்கிய சமையல்காரர்தான் அதே இனத்தைத் தொட முடியும், ஈரலையும் சினையையும் அறுத்து எடுத்துவிட்டு. அதில் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது.

மெரினாவில் சங்கு, சோழி விற்கும் தட்டுகளில் வரிவரியாகப் புள்ளி போட்ட கூம்பு வடிவச் சங்குகளும் இருக்கும். ஓடு மட்டும்தான், பயமில்லை. உயிரோடிருக்கும்போது அந்த நத்தை பல்லையே ஈட்டியாக எய்து மீனை மயக்கி விழுங்கும். சில இனங்கள் எடுத்துப் பார்த்த மனிதர்களைக் கொன்றிருக்கின்றன. அதன் நஞ்சைப் படித்துத்தான் மார்ஃபினுக்கும் அடங்காத வலிக்கு ஒரு மருந்து செய்து, 2004-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். மணமேடையில் வைக்கும் அளவுக்கு அழகான சங்கு.

வண்டலூரில் நீர்யானை வாயைத் திறந்தால் கூட்டம் சிரிக்கிறது, கொட்டாவி விடுகிறது என்று. முழங்கை நீளத்துக்கு வளரும் கோரைப்பல்லைக் காட்டி, கிட்டே வராதே என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. குரங்கிடமும் இதே குழப்பம்தான். வாயை அகலத் திறந்து முறைத்தால் மிரட்டல்; பல்லைக் காட்டி உதட்டைப் பின்னுக்கு இழுத்தால் பயம். இரண்டையும் சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிற ஒரே பிராணி மனிதன்.

இப்போது நான் இருப்பது அடையாறு கஸ்தூர்பா நகரில். கிண்டிக் காடு கூப்பிடு தூரம். மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தேசியப் பூங்கா அது. ஐஐடி வளாகமும் ஆளுநர் மாளிகையும் ஒரு காலத்தில் அந்தக் காட்டோடு சேர்ந்தே இருந்தவை. புள்ளிமான் ஆளுநர் மாளிகையில் கொண்டுவந்து விட்டது, இரலைமான் முறுக்கிய கொம்போடு புல்வெளியில் நிற்கும். ஐஐடியில் மானுக்குப் பிஸ்கட் நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொம்பு கெட்டிப்பட்டு ஆண்மான்கள் ஒன்றையொன்று முட்டித் திரியும் காலத்திலும் நீட்டுவார்கள். குரங்குகள்தான் மதிலைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வரும், உச்சந்தலையில் குல்லாய் வைத்த மாதிரி முடி வகிர்ந்த நாட்டுக்குரங்கு.

மாடி வீட்டு மாமி சனிக்கிழமை தவறாமல் பால்கனியில் வாழைப்பழம் வைப்பார். ஆஞ்சநேயருக்கு. குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு முறை பேச்சு வந்தது. “வாயில்லா ஜீவன், ஒண்ணும் பண்ணாது” என்று மாமி சொல்ல, செயலாளர் அடுத்த விஷயமான தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டார். சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை பழம் தீர்ந்துவிட்டது. கூட்டத்தின் பெரிய கடுவன் மாமியின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. மாமி கையைத் தட்டிவிட, அது மணிக்கட்டில் கடித்தது, ஆழமாக. கடித்துவிட்டு அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தது. அலறல் கேட்டு மேலே போன எனக்கு வழி விடவும் இல்லை.

வெறிநாய்க்கடி ஊசி குரங்குக் கடிக்கும் போட வேண்டும். சோப்புப் போட்டுக் குழாயடியில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆட்டோவில் கூட்டிப்போனேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று தொடங்கி இருபத்தெட்டாம் நாள்வரை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். மாமி ஒன்றையும் தவறவிடவில்லை. கடைசி ஊசி முடிந்த வாரத்துச் சனிக்கிழமை, மாடிப்படியில் மோரிஸ் பழத்தாரோடு ஏறிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமி, மறுபடியுமா?”

“அதான் எல்லா ஊசியும் போட்டாச்சேம்மா” என்றார். “இனிமே கடிச்சாத்தான் என்ன?”